எட்டோடு எட்டா, எட்டோடு பதினாறா?

காட்பாடியில் எங்கள் டிடிபி கடையில் இருப்பது புத்தகப் பருமனுள்ள சின்ன டெஸ்க்டாப். உள்ளே ரேமுக்கு இரண்டே ஸ்லாட்டுகள். ஒன்றில் 8 ஜிபி, மற்றது காலி. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்தால் திணறும். காலி இடத்தில் இன்னொரு 8 போடுவதா, 16 போடுவதா? நான் 16 வாங்கினேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எட்டோடு எட்டு மலிவு. அதைவிட முக்கியம், இரண்டும் சம அளவாக இருந்தால் ரேம் முழுவதும் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் ஜோடியாக ஓடும். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை; திரைக்கும் இதே ரேம்தான் படியளக்க வேண்டும். எங்கள் கணினியில் உள்ள ரேம் தலைமுறையான டிடிஆர்4, 2400 வேகத்தில் ஒற்றையாக நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும், ஜோடியாக 38.4. ஆனால் 8-உடன் 16 போட்டாலும் இந்த லாபம் போய்விடாது. எங்களுடையதைப் போன்ற இன்டெல் கணினியில் முதல் 16 ஜிபி ஜோடியாகவும் மீதி 8 மட்டும் ஒற்றையாகவும் ஓடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஸ்லாட் கணக்கு. இரண்டிலும் 8 உட்கார்ந்துவிட்டால், அடுத்த முறை கூட்டும்போது காசு கொடுத்து வாங்கிய ஒன்றைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியது மேஜை டிராயருக்குத்தான் போகும். புதுக் கணினி வாங்கி அதில் மாட்டலாம் என்றால், அது அடுத்த தலைமுறை டிடிஆர்5 ஆக இருந்தால் நுழையவே நுழையாது. பின்களும் வேறு, நடுவில் உள்ள வெட்டும் வேறிடத்தில். 16 வாங்கியவருக்கு நாளை கழிவது பழைய 8 மட்டுமே. அந்த இடத்தில் இன்னொரு 16 வந்தால் 32. இதே காரணத்தால், சீக்கிரமே கணினியை மாற்றப் போகிறவர் இன்னொரு 8-ஓடு நிற்பதே நல்லது. இன்டெலின் மலிவு ரகமான செலரான் சிப்புகளில் சிலவற்றுக்கு அறிவிக்கப்பட்ட உச்சமே 8 ஜிபி என்பதால், வாங்குமுன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

வீடியோ எடிட்டிங் நாங்கள் செய்வதில்லை. அந்த வேலைக்கு எது மேல் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல வழியில்லை.

கடையில் லேப்டாப் ரேம் என்று கேட்க வேண்டும், பெரிய டெஸ்க்டாப்புக்கான நீளமானது இதில் பொருந்தாது. சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கியும் 'டிக்'கென்று பிடிக்கும். டாஸ்க் மேனேஜரில் இப்போது 24 ஜிபி தெரிகிறது. புதியதன் மேல் 3200 என்று இருந்தாலும் பழையதோடு சேர்ந்து 2400-லேயே ஓடுகிறது. பத்திரிகை வேலையில் அது உறைக்கவில்லை.