பீப்பாயும் தீப்பொறியும்: குன்னூர் மழையில் ஆடிப் பார்த்த துப்பாக்கி விதிகள்

ஐப்பசி அடைமழையில் வீட்டுப்படி தாண்ட முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில், குன்னூரில் நாங்கள் ஐவர் கூடி, பகடை உருட்டிக் கதைமாந்தராக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுவது வழக்கம். இம்முறை மந்திரவாதிகளுக்கு எதிரே துப்பாக்கி வீரர்களை நிறுத்த விரும்பி, 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் என்னும், ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலில் விருப்ப விதிகளாக இடம்பெற்ற தொடக்ககாலத் துப்பாக்கிகளை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை ஏமாற்றமே மிஞ்சியது. கைத்துப்பாக்கிக்கு விலை 250 பொற்காசு, எதிரிக்கு விளையும் சேதத்துக்கு உருட்டுவது பத்துமுகப் பகடை ஒன்று, இயல்பாக எட்டும் தூரம் 30 அடி. முதல் நிலை மந்திரவாதி காசு செலவின்றி ஏவும் ஃபயர் போல்ட் என்னும் தீக்கணை மந்திரத்துக்கும் அதே பகடைதான். அதுவோ 120 அடி பாயும். சுடுபவர் தம் உடற்சுறுசுறுப்பின் மதிப்பைச் சேதத்தோடு கூட்டிக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆயினும் அத்தனை காசு கொடுத்து வாங்க அது போதவில்லை. மேலும், ஆறு விநாடிச் சுற்று ஒவ்வொன்றிலும் ஒருமுறை சுட விதி இடம் தருகிறது. நன்கு பயின்ற வீரர்கள் சக்கிமுக்கித் துப்பாக்கியால் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டதே வரலாற்றில் நல்ல வேகம். மருந்து கொட்டி, குண்டிட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் எதிரி நெருங்கிவிடுவானோ என்ற பதைப்பு எங்கள் மேசையில் எழவே இல்லை.

வெடிமருந்துக்கான விதிகளோ மிக நன்றாக அமைந்துள்ளன. தீப்பட்ட மருந்துக் கொம்பு (வெடிமருந்து நிரப்பி எடுத்துச்செல்லும் கொம்பு) 10 அடிக்குள் நிற்போருக்கு ஆறுமுகப் பகடை மூன்றின் அளவுக்குச் சேதம் விளைவிக்கும், பீப்பாயானால் ஏழு. எவரும் அணிந்தோ ஏந்தியோ இராத பொருளை மட்டுமே ஃபயர் போல்ட் பற்றவைக்கும் என்பதால், இடுப்பில் தொங்கும் கொம்பு தப்பும், தரையில் வைத்த பீப்பாய் தப்பாது. இந்தச் சிறு வேறுபாட்டினால், எதிரணி மந்திரவாதியின் தலை மதில்மேல் தெரிந்ததும், பீப்பாயைச் சுமந்தபடியே போரிடுவதா, அதைவிட்டு விலகி ஓடுவதா என்று எங்கள் வீரர்கள் தவித்த தவிப்பில் ஒரு மாலைப்பொழுதே கழிந்தது. மந்திரமும் மருந்தும் உண்மையில் சந்திக்கும் இடம் இதுவே.

நூல் பேசாமல் விட்டது ஈரத்தைப் பற்றி. தீப்பெட்டியை அடுப்பருகே வைத்தால்தான் குச்சி பற்றும் என்ற ஊரில் இருந்துகொண்டு அதை மறக்க இயலாது. எங்களுள் ஒருவருடைய தந்தை அருகிலுள்ள அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலையில் பணியாற்றியவர் என்பதால் மருந்து உலர்ந்திருக்க வேண்டியதன் அருமை அந்த நண்பருக்கு வீட்டுப்பாடம். இத்தனைக்கும் விளையாட்டிலேயே தீர்வு இருக்கிறது. நீரைப் படைக்கும் முதல் நிலை மந்திரம் 30 அடிக் கனசதுர அளவில் மழை பொழிந்து திறந்த தீயை அணைக்கும். கனன்றுகொண்டே இருக்க வேண்டிய திரியை நம்பும் திரித்துப்பாக்கிகளை அது ஒரே நொடியில் வெறும் தடிகளாக்கிவிடும் என்று தீர்மானித்தோம். மீண்டும் மருந்து நிரப்ப மூன்று சுற்றுகள் என்றும் வகுத்துக்கொண்டோம். அதன்பின் ஒவ்வொரு குண்டுக்கும் மதிப்பு கூடியது.

இப்பகுதிக்காக மட்டும் நூலை வாங்க வேண்டியதில்லை. 2024இல் வந்த, ஆட்டக்காரருக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் நூல் கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி (மஸ்கட்) இரண்டையும் அதே பகடைகளோடு பொது ஆயுதப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. பழைய நூல் கைவசம் உள்ளவர்கள் பீப்பாய் விதியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, சுடும் வேகத்தை மட்டும் தாராளமாகக் குறைக்கலாம்.