துக்க வீட்டுக்கு யார் வர வேண்டும்: சபைப் போதகரா, மனநலக் கவுன்சிலரா, இரண்டும் தெரிந்தவரா?

அத்தான் இறந்து மூன்றாவது வாரம் சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சிலர் பாயில் உட்கார்ந்தார்கள், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் ஒரு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "சகலமும் நன்மைக்கு ஏதுவாகத்தான்மா நடக்கும்" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காபி டம்ளர்களை மறுபடி எடுத்து, அவர்கள் கிளம்புகிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அவள் மூன்று இடங்களில் ஆறுதல் தேடினாள், பெரும்பாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சபை. சபை செய்வதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடக்க ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில் இடம், மூன்று நாள் சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆள், எல்லாம் கேட்காமலேயே நடந்தது. அத்தான் எந்தப் பாட்டை எப்படிச் சுருதி விலகிப் பாடுவார் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும், ஒரு கவுன்சிலருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் வேத வசனம் சீக்கிரமாக வந்துவிடுகிறது. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குப் பாரமானார்கள், கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டித்தார். வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் புலம்பலாகவே எழுதப்பட்டவை எத்தனையோ இருக்கின்றன, 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. துக்க வீட்டில் அதை யாராவது வாசித்து நான் கேட்டதில்லை. இன்னொரு குறை, அக்கா ஒரு சகோதரியிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னது அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பாக எல்லோர் காதுக்கும் போய்விட்டது. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அதன் பிறகு அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் மதம் கலக்காத கவுன்சிலிங். நான் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது. உளவியலாளர் வில்லியம் வோர்டன் 1982இல் துக்கத்தின் நான்கு வேலைகளை வகுத்தார், இழப்பை ஏற்பது, வலியை உணர்வது என்று அது போகும். ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது, துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்பது. ஒருநாள் டிவியில் ஏதோ பார்த்துச் சிரித்துவிட்டு அத்தானுக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைத்த அக்காவுக்கு, இந்த இரண்டாவது விஷயம் பெரிய விடுதலையாக இருந்தது. (துக்கத்துக்கு மறுப்பு, கோபம் என்று நம் ஊரில் பலரும் சொல்கிற "ஐந்து கட்டம்", 1969இல் மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. அதைத் துக்கப்படுகிறவர் தலையில் வைத்து "நீங்கள் இப்போது கோபக் கட்டத்தில் இருக்கிறீர்கள்" என்பது சரியே இல்லை.)

ஆனால் ஒரு இடத்தில் அது நின்றுவிட்டது. அக்கா ராத்திரி அத்தான் படத்தோடு பேசுவாள். அதைச் சொன்னதும் கவுன்சிலர் "தாராளமாகப் பேசுங்கள், நல்லதுதான்" என்றார். இறந்தவரோடு உறவு தொடர்வது நோயல்ல என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருவதால் அவர் சொன்னது தவறில்லை. அக்கா கேட்டது வேறு, அது பாவமா என்று கேட்டாள். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் உண்டு, இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். புராட்டஸ்டன்ட் வீட்டில் இறந்தவருக்காக ஜெபிப்பதே கூடாது என்று சொல்லி வளர்த்திருப்பார்கள், அந்தப் பயத்தோடுதான் அவள் படத்தின் முன் நின்றாள். அந்தக் கவுன்சிலருக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை.

மூன்றாவதாகப் போனது, இறையியலும் கவுன்சிலிங்கும் இரண்டும் படித்த ஒரு ஐயாவிடம். இந்தச் சேர்க்கை புதிதில்லை. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1925இலேயே இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்குள் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார், நம் பக்கத்தில் வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் பல வருடமாகப் பயிற்சி தருகிறது. அந்த ஐயா முதல் மூன்று தடவையும் வேதாகமத்தைத் தொடவே இல்லை. நாலாவது தடவை, "எந்தச் சங்கீதத்தை இப்போ உங்களால வாசிக்க முடியலம்மா?" என்று மட்டும் கேட்டார். அக்கா வெகுநேரம் கழித்து "91" என்றாள். வாதை உன் கூடாரத்தை அணுகாது என்கிற சங்கீதம் அது. ஐசியு வாசலில் உட்கார்ந்து பதினொரு இரவும் அதை வாசித்து, வாசித்த ஒவ்வொரு இரவுக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். பதினொன்றாவது கோட்டுக்கு மறுநாள் காலையில் அத்தான் போய்விட்டார். அந்தப் பக்கத்தைக் காட்டி அன்றைக்கு அவள் கடவுளைத் திட்டினாள், ஐயா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை அவளாகவே எடுத்து வாசித்தாள். படத்தோடு பேசுவதைப் பற்றியும் கேட்டாள், அவர் "என்ன பேசுவீங்க?" என்றார், "சாப்பிட்டீங்களான்னு கேப்பேன்" என்றாள், "அது பாவமாம்மா?" என்றார், அவ்வளவுதான்.

வசனத்தை யார் முதலில் எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

தற்கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இது இன்னும் முக்கியம். "என் பிள்ளை எங்கே இருக்கிறான்?" என்று தாய் கேட்பாள், அதற்குப் பதில் சொல்வது மதம் கலக்காத கவுன்சிலரின் வேலையில்லை, சபையில் யாராவது அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1917 சட்டத்தில் இப்படி இறந்தவர்களுக்குச் சபை அடக்கத்தை மறுத்தது, 1983 சட்டத்தில் அந்த விதியே இல்லை. இது தெரிந்த ஒருவர் அந்தத் தாயின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி எல்லாருக்கும் பொருந்தாது. கடவுள் பெயரைக் கேட்டாலே உடல் இறுகிப்போகிறவர் மதம் கலக்காத கவுன்சிலரிடமே போகட்டும், நம்பிக்கைக்குத் திரும்புவது அவர் பாடு. பெயரில் மட்டும் கிறிஸ்தவக் கவுன்சிலிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், சின்னதாக ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு சபைக்காரர் இலவசமாகச் செய்ததையே கட்டணம் வாங்கிச் செய்வார்கள். அதனால் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்: எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள், நான் சொல்வது உங்கள் வீட்டுக்கோ சபைக்கோ போகுமா, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்களா. கடைசிக் கேள்விக்கு "ஜெபமே போதும்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஆறு மாதத்தைத் தாண்டியும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதத்தைத் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடுகிற கடும் துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகச் சொல்கின்றன. சாக வேண்டும் என்கிற பேச்சு வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், ராத்திரியாக இருந்தால் 14416க்குப் போன் பண்ணுங்கள், அரசின் டெலி மானஸ் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள்.