ஸோனா, கேப்பா: ஓட்ட ஆட்டத்துக்கு லைன்மேன்களை எப்படிப் பழக்குவது?

அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் அணி ஒன்றில் லைன் பயிற்சியாளராகச் சேருபவர் ஆகஸ்ட் மாதமே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து பேருக்கு, அதாவது நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள், இவர்களுக்கு ஓட்ட ஆட்டத்தில் (பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) எந்த முறையில் தடுக்கக் கற்றுத்தருவது? ஸோன் பிளாக்கிங்கா, கேப் பிளாக்கிங்கா? இரண்டையும் சொல்லித்தரலாமே என்பார்கள். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் அப்படித்தான் செய்கின்றன. அவர்களுக்கு அதுதான் முழுநேர வேலை. வகுப்பு முடிந்து மாலையில் வரும் பதினாறு வயதுப் பையன்களை வைத்துக்கொண்டு, லைன்மேன்களுக்கென்று ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தனியாகக் கிடைத்தாலே அதிகம் என்ற நிலையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளி அணிக்கு கேப்தான் முதலில். ஸோன் பார்க்க அழகு, ஆனால் அது கேட்கும் நேரம் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இரு அணியிலும் 11 பேர். பந்தோடு ஓடுபவர் யாரையும் தடுப்பதில்லை. பந்தை அவர் கையில் கொடுத்த குவார்ட்டர்பேக்கும் தடுப்பதில்லை. மிச்சம் 9 பேர் 11 பேரைச் சமாளிக்க வேண்டும். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழியில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன. ஓட வேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அங்கே எதிரணியைவிட ஒரு ஆளை அதிகமாகக் குவிப்பது கேப். எல்லோரும் ஒரே பக்கம் அடியெடுத்து வைத்து எதிரணியைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, அவர்கள் நகர்வதால் எங்கே வழி திறக்கிறதோ அங்கே ஓடுபவரை நுழையவிடுவது ஸோன்.

கேப் முறையின் அடிப்படை ஆட்டம் 'பவர்'. வலப்பக்கம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வலது கார்டும் வலது டேக்கிளும் சேர்ந்து ஒரு எதிரணி ஆளைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை, பின்னாலிருந்து வரும் ஃபுல்பேக் வெளியே முட்டித் தள்ளுவார். இந்த இரண்டு மோதல்களுக்கும் நடுவே ஒரு வாசல் உண்டாகும். இடது கார்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பி, வரிசைக்குப் பின்னால் ஓடிவந்து, அந்த வாசல் வழியாக முதல் ஆளாக நுழைந்து, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை மோதுவார். இதைத்தான் புல் செய்வது என்கிறார்கள். அவர் விட்டுப்போன இடத்தைச் சென்டர் இடப்பக்கமாகத் தடுத்து அடைப்பார். ஓடுபவர் செய்ய வேண்டியது, அந்தக் கார்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே போவது மட்டும்.

இந்த மரபுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1960களில் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஜெர்ரி கிரேமர், ஃபஸி தர்ஸ்டன் என்ற இரண்டு கார்டுகளும் ஒரே பக்கம் புல் செய்து ஓரத்தைச் சுற்றி ஓடிய ஸ்வீப் ஆட்டம் எதிரணிகள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அப்புறம் 1980களில் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியிடமிருந்து கவுண்டர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஜோ பியூகல் பழக்கிய லைனை வைத்து ஆடியது. கவுண்டரில் கார்டும் டேக்கிளும் சேர்ந்து புல் செய்வார்கள்: முதலில் வருபவர் ஓரத்து ஆளை வெளியே தள்ள, இரண்டாமவர் உள்ளே திரும்பி நுழைவார். 1988 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) டிம்மி ஸ்மித் என்ற அறிமுக வீரர் டென்வர் பிரான்கோஸுக்கு எதிராக 204 கெஜம் ஓடினார். சூப்பர் பௌலில் அந்த எண் இன்றும் சாதனைதான்.

அடி வாங்கிய அதே டென்வர்தான் பத்து வருடம் கழித்து ஸோன் முறையின் கோட்டை ஆனது என்பது வேடிக்கை. 1995இல் மைக் ஷானஹன் தலைமைப் பயிற்சியாளராகவும் அலெக்ஸ் கிப்ஸ் லைன் பயிற்சியாளராகவும் வந்தார்கள். (இந்த கிப்ஸ் வேறு, அந்த கிப்ஸ் வேறு.) அதே வருடம், புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் தேர்வான டெரல் டேவிஸ் 1998 பருவத்தில் 2,008 கெஜம் ஓடினார். சென்டர் டாம் நேலன் ஏழாவது சுற்றில் வந்தவர், 300 பவுண்டை எட்டாத உடம்பு. கார்டு மார்க் ஷ்லெரத் இதற்கு முன் ஜோ கிப்ஸிடமே ஆடி ஒரு சூப்பர் பௌல் வென்றவர்; டென்வரில் இன்னும் இரண்டு. இரண்டு பள்ளியிலும் படித்துத் தேறியவர் என்று அவரைச் சொல்லலாம்.

அந்த டென்வர் லைனில் யாருக்கும் 'இன்னாரைத் தடு' என்ற கட்டளை கிடையாது. ஓடும் திசையில் தனக்கு நேராக ஆள் நிற்கிறாரா இல்லையா என்று பார்ப்பது முதல் விதி. ஆள் நின்றால் அவர் உன் பொறுப்பு. நிற்கவில்லை என்றால் பக்கத்து லைன்மேனோடு சேர்ந்து அவருக்கு நேரே நிற்பவரை இருவருமாக ஏற்றுக்கொள். பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்தப் பக்கம் வருகிறார் என்று பார்த்து, உங்களில் ஒருவர் பிரிந்து அவரிடம் போங்கள். வெளிப்புற ஸோனில் ஓடுபவர், டேக்கிளுக்கு வெளியே நிற்கும் டைட் எண்டின் வெளிப்பக்கத்தைக் குறிவைத்துக் கிளம்பி, மூன்றாவது அடிக்குள் முடிவெடுப்பார்: வெளியே சுற்றுவதா, நேரே குத்துவதா, பின்பக்கம் (ஆட்டம் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம்) வெட்டித் திரும்புவதா. ஒரே ஒரு வெட்டு. அதற்கு மேல் நடனம் ஆடக் கூடாது.

டேவிஸ் காயத்தால் விலகிய பிறகு ஒலாண்டிஸ் கேரி, மைக் ஆண்டர்சன், கிளின்டன் போர்ட்டிஸ் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லோரும் 1,000 கெஜம் தாண்டினார்கள். இந்த முறையில் யாரை நிறுத்தினாலும் ஓடுவார் என்ற பேச்சு அப்போது கிளம்பியது. பாதிதான் உண்மை. அதே இரண்டு ஆட்டங்களை, நடுப்பகுதியை நோக்கி ஓடும் உள் ஸோன், ஓரத்தை நோக்கி ஓடும் வெளி ஸோன், நாள் தவறாமல் பழகியதன் பலன் அது. எதிரணி எப்படி நின்றாலும் எப்படிச் சாய்ந்தாலும் ஐந்து பேரும் ஒரே மாதிரி கண்டு, ஒரே மாதிரி பிரியும் அளவுக்குப் பழகியிருந்தார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற சமாச்சாரம் கிடையாது.

களத்தில் எது எளிது?

இரண்டு முறைக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுவது. கனமான பீரோவை இரண்டு பேர் நகர்த்தும்போது ஆளுக்கொரு மூலையில் நின்று தள்ளினால் அது சுழலுமே தவிர நகராது. அதே கதைதான் இங்கும். கார்டின் வலது இடுப்பும் டேக்கிளின் இடது இடுப்பும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் எதிராளி அதில் உடம்பை நுழைத்துவிடுவார். முதல் அடி குட்டி அடி, அரையடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது கால் தரையில் பதிந்த பிறகுதான் மோதல். கைகள் எதிராளியின் மார்புக் கவசத்தில், கண்கள் அவரைத் தாண்டி லைன்பேக்கர் மேல். இந்தக் கடைசி விஷயம்தான் பையன்களுக்கு வராது. மோதிய ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், லைன்பேக்கர் பக்கத்தில் நடந்துபோய் ஓடுபவரைப் பிடித்துவிடுவார்.

பவரில் இந்த ஜோடி நீண்ட நேரம் சேர்ந்தே இருக்கலாம், புல் செய்து வரும் கார்டு ஒரு லைன்பேக்கரைப் பார்த்துக்கொள்வார். ஸோனில் அதே ஜோடி ஓடிக்கொண்டே, சரியான நொடியில் பிரிய வேண்டும். சீக்கிரம் பிரிந்தால் முன்னால் நிற்பவர் தப்பிவிடுவார், தாமதமானால் லைன்பேக்கர். இந்த நொடியைப் பழக்கத்தான் மாதங்கள் ஆகும். அதுவும் ஐந்து பேரும் மாறாமல் இருந்தால். பள்ளி அணியில் அக்டோபருக்குள் ஒரு டேக்கிளுக்குக் கணுக்கால் சுளுக்கும், இன்னொருவர் தேர்வில் மதிப்பெண் குறைந்து ஆட முடியாமல் உட்காருவார்.

கேப் முறையில் கடினமானது புல் செய்வது. முதல் தவறு, கிளம்பும்போது நிமிர்ந்துவிடுவது. இதற்குப் பல மைதானங்களில் இரும்புக் குழாயால் செய்த தாழ்ந்த கூண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். தலை இடிக்காமல் அதற்கடியில் ஓடிப் பழக வேண்டும். இரண்டாவது தவறு பெரியது: வாசலில் நுழைந்ததும் கார்டு நேரே பார்த்துத் தூரத்தில் நிற்கும் சேஃப்டியை நோக்கி ஓடிவிடுவார், பக்கத்தில் நிற்கும் லைன்பேக்கரைத் தாண்டி. 'நுழைந்ததும் கண்ணை உள்பக்கம் திருப்பு' என்ற ஒரே வாக்கியத்தைத் தொண்டை வற்றும்வரை சொல்ல வேண்டியதுதான். ஆனால் இது ஒரு ஆளின் தவறு. காணொளியைப் போட்டுக் காட்டினால் அந்தப் பையனுக்கே புரியும், அடுத்த வாரம் திருந்தும். ஸோனில் ஆட்டம் கெட்டால் யார் தவறு என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும். கார்டு தாமதமா, சென்டர் அவசரமா, ஓடுபவர் தப்பாகப் படித்தாரா? என்னைக் கேட்டால் புதிய பயிற்சியாளருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உடல்வாகு பற்றிய பொதுப் பேச்சு, ஸோனுக்கு ஒல்லியான வேகக்காரர்கள், கேப்புக்குக் குண்டர்கள் என்பது. தொழில்முறை ஆட்டத்தில் ஓரளவு சரி. பள்ளியில் அதை நம்பி ஆள் சேர்க்கக் கூடாது. ஸோனில் தன்னைவிடப் பலசாலியைப் பல நேரம் ஒற்றை ஆளாக நேருக்கு நேர் நகர்த்த வேண்டிவரும். கேப்பில் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து, எதிராளி எதிர்பாராத கோணத்தில் மோதுகிறோம். பலம் குறைந்த பையனுக்குக் கோணம்தான் துணை. டெலவேர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, கோணங்களையே நம்பும் விங்-டி முறையை இன்றுவரை சின்ன ஊர்ப் பள்ளிகள் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

விதி விஷயத்திலும் ஸோனுக்கு ஒரு கஷ்டம். டென்வர் லைன் பின்பக்கத்து எதிரிகளைக் காலடியில் விழுந்து சாய்த்துத்தான் அந்த வெட்டுப் பாதையைத் திறந்தது. எதிரணிகள் அதற்காக அவர்களை வெறுத்தன. இன்று பெரும்பாலான மாநிலங்களின் பள்ளி விதிப்படி, பந்து கிளம்பிய உடனே, முன்வரிசைப் பகுதிக்குள் மட்டும்தான் இடுப்புக்குக் கீழே தடுக்கலாம். இரண்டு அடி ஓடிவிட்டு விழுவது தவறு. (டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிப்படி ஆடுகின்றன.) முழங்கால்களுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளி ஸோனின் பழைய ஆயுதங்களில் ஒன்று அதோடு போனது.

எதிரணி பதில் சொல்லும்போது

கேப் முறைக்கு எதிரணி இரண்டு பதில் வைத்திருக்கும். ஒன்று, லைன்பேக்கர்கள் கார்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் எந்தப் பக்கம் புல் செய்கிறாரோ அந்தப் பக்கம்தான் ஆட்டம். இரண்டாவது, ஓரத்து ஆள் வெளியே தள்ளப்படுவதற்குக் காத்திராமல் உள்பக்கம் பாய்ந்து வாசலை மூடிவிடுவார். அப்போது தள்ள வந்தவர் அவரை உள்ளேயே அடைத்துவிட, ஓடுபவர் வெளியே சுற்றிப் போக வேண்டும். இதைச் செப்டம்பரிலேயே பழக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் மூன்றாவது ஆட்டத்துக்குள் யாராவது இப்படிச் செய்வார்கள்.

எதிரணி திடீரென்று சாய்ந்து பாய்ந்தால் தாங்குவதில் ஸோன்தான் மேல், இதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடம் பார்த்துத் தடுப்பதால் யார் வந்தாலும் அந்த இடத்துக்கு உரியவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தி, ஐந்து லைன்மேன்களுக்கும் நேரே ஆள் வைத்துவிட்டால் ஜோடி சேரவே வழியில்லை. 2018 டிசம்பரில் விக் ஃபாஞ்சியோவின் தடுப்பாட்டத்தோடு சிகாகோ பேர்ஸ் இதைச் செய்து, ஷான் மெக்வே பயிற்சியாளராக இருந்த ராம்ஸ் அணியை 15-6 என்று மடக்கியது. இரண்டு மாதம் கழித்து சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தும் அதே வழியில் போக, ராம்ஸின் மொத்த ஓட்டம் 62 கெஜம். ஸோனையே நம்பியிருந்த மெக்வே 2023இல் கேப் பக்கம் பெரிய அளவில் சாய்ந்தார். அந்தப் பருவத்தில் ராம்ஸுக்காக ஓடிய கைரன் வில்லியம்ஸ் 1,144 கெஜம் ஓடினார்.

இரண்டுக்கும் நடுவில் 'டியோ' என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. பவர் மாதிரியே இருவர் சேர்ந்து தள்ளுவது, ஆனால் யாரும் புல் செய்வதில்லை. கண்ணுக்கு உள் ஸோன் போலவே தெரியும். ஜோடித் தள்ளலை ஒழுங்காகப் பழக்கிய அணிக்கு இது கிட்டத்தட்ட இலவசம். ஆகவே என் வரிசை: முதல் இரண்டு வாரம் ஜோடித் தள்ளல், பிறகு பவர், பிறகு கவுண்டர், பருவத்தின் நடுவில் டியோ. நேரம் மிஞ்சினால் உள் ஸோன். வெளி ஸோனை விட்டுவிடலாம்.

இந்த வரிசை ஒரு இடத்தில் மட்டும் செல்லாது: குவார்ட்டர்பேக் பையன் வேகமாக ஓடக்கூடியவனாக இருந்தால். பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் வளர்த்தெடுத்த ஸோன் ரீட் ஆட்டத்தில், பின்பக்கத்து ஓர ஆளை யாரும் தடுப்பதில்லை. அவர் ஓடுபவரைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார், நின்றுவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவார். தடுக்காமலே ஒருவரைக் கழித்துவிடுவதால், முதலில் சொன்ன பற்றாக்குறை பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. பிறகு வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக் பாட் ஒயிட், ஓடுபவர் ஸ்டீவ் ஸ்லேட்டன் இருவரையும் வைத்து அவர் இதையே ஆடினார். 2006 ஜனவரியில் சுகர் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் ஜார்ஜியாவை 38-35 என்று வென்றபோது ஸ்லேட்டன் ஓடியது 204 கெஜம். அப்படி ஒரு பையன் கிடைத்தால் உள் ஸோனை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பவரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். அவனுக்குக் காயம் பட்டால் ஆட மாற்று ஆள் யார் என்பதை மட்டும் ஆகஸ்டிலேயே யோசித்து வையுங்கள்.