நார்வேயின் இரண்டு காட் மீன்கள்: ஸ்க்ரையும் கரையோரக் காட் மீனும்

இரண்டும் ஒரே இனம்தான், அட்லாண்டிக் காட். பிப்ரவரி, மார்ச்சில் வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் பக்கம் வலை போட்டால் இரண்டும் சேர்ந்தே சிக்கும். ஆனால் பிழைப்பு வேறு வேறு.

ஸ்க்ரை நாடோடி. நார்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் இரை தேடி வளர்ந்து, முட்டையிட மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வருகிறது. உடல் ஒல்லி, நிறம் வெளிறல். கரையோரக் காட் ஃபியோர்டுகளையும் (மலைகளுக்கு இடையே உள்ளே நீளும் குறுகிய கடல் நீர்வழிகள்) கரையையும் விட்டு அதிகம் நகராது. கடற்பாசி அடர்ந்த இடங்களில் வளர்வதால் பழுப்பேறிய நிறம்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கத்தாழை மீனின் தலையில் வெள்ளைக் கல் பார்த்திருப்பீர்களே, அதே காதுக்கல்தான் இங்கே சாட்சி. உடைத்துப் பார்த்தால் உள்வளையம் கரையோரக் காடில் சிறிதாக, வட்டமாக இருக்கும். ஸ்க்ரையில் பெரிதாக, நீண்டு இருக்கும். 1933-லேயே நார்வே மீனியல் ஆய்வாளர் ரோலெஃப்சன் இதை எழுதிவிட்டார்.

மரபணுவில் பெரிய வித்தியாசம் முதல் குரோமோசோமில். அதன் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதால், பல நூறு மரபணுக்கள் கலையாமல் ஒரே கட்டாகக் கைமாறுகின்றன. இரண்டும் பக்கத்தில் முட்டையிட்டும் குணம் கலந்துவிடாததற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

மீன்பிடிப்பில் கவலை கரையோரக் காட் மீனுக்குத்தான். அதன் இருப்பு குறைவு. அதனால் 2009 முதல் லோஃபோட்டனின் ஹென்னிங்ஸ்வேர் பகுதியில் மாதிரி மீன்களின் டிஎன்ஏவைச் சோதித்து, ஸ்க்ரை போதிய அளவு இருந்தால்தான் பிடிக்க விட்டார்கள்.