ஒரு மாதக் கோடை விடுமுறை: மாந்தோனா, ஹனியாவா?

பாரிஸில் ஜூலை தொடக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டால் ஆகஸ்ட் முடியும்வரை பிள்ளைகளுக்கு விடுமுறைதான். மத்தியதரைக் கடலோரம் ஒரு வாரம் போய்வருவது ஒரு கணக்கு, ஒரே ஊரில் ஒரு மாதம் வீடெடுத்துத் தங்குவது வேறு கணக்கு. போன கோடையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்படித் தங்க நினைத்தபோது கடைசிவரை பட்டியலில் நின்றவை இரண்டு ஊர்கள்: இத்தாலி எல்லையை ஒட்டிய பிரெஞ்சு ஊரான மாந்தோன், கிரீட் தீவின் மேற்கே இருக்கும் ஹனியா. நாங்கள் மாந்தோனை எடுத்தோம். மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கடல், வெயில், சாயம் மங்கிய பழைய வீடுகள், மாலையில் காற்று வாங்க நடக்க ஒரு கரை: இவை இரண்டு ஊரிலும் குறைவில்லை. சாப்பாட்டில் ஹனியா ஒரு படி மேல். தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்ட காய்ந்த பார்லி ரொட்டியான டாகோஸ், காலையில் சுடச்சுட பாலாடைக்கட்டி வைத்த மொறுமொறு பூகாட்சா, சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே வரும் பழத்தட்டு. வெளியே சாப்பிடும் செலவும் அங்கே குறைவு. வீட்டு வாடகையிலும் மாந்தோன்தான் கூட. பட்டியல் போட்டுப் பார்த்தால் ஹனியாதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் எங்கள் முடிவை மாற்றியது கார். ஹனியாவின் பழைய துறைமுகத்திலிருந்து கால் மணி நேரம் மேற்கே நடந்தால் நேயா ஹோரா என்ற மணற்கடற்கரை வரும். ஆழம் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் கிரீட்டுக்குப் போகிறவர்கள் மனதில் வைத்திருப்பது எலஃபோனிசி, பாலோஸ் என்ற கடற்கரைகளை. எலஃபோனிசி ஏறக்குறைய 75 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ் இருக்கிறது. காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் ஏற்றி வரும், நடுவில் திரும்ப நினைத்தால் வழியில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கே தலை சுற்றுகிறது என்று சொல்லும் எழுபது வயதுக்காரரோடு அப்படிப் போக முடியாது. அப்போது கார் வேண்டும்.

ஒரு வாரப் பயணத்தில் இது பிரச்சினையே இல்லை. மூன்று நாளுக்குக் கார் எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு மாதம் என்றால் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. முழு மாதமும் எடுத்தால் ஆகஸ்ட் வாடகை, பிள்ளைகளின் இருக்கைக்குத் தனிக் காசு, காப்புறுதி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து, வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். எடுக்காவிட்டால் பத்தாம் நாளுக்குப் பிறகு அதே கடற்கரை, அதே துறைமுகம். பழைய ஊருக்குள் பெரும்பாலும் நடந்துதான் போக வேண்டும் என்பதால் காரை வெளியே விட்டுவிட்டுக் குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு நடப்பதும் தினசரி வேலையாகிவிடும்.

மாந்தோனில் அந்த வேலையை ரயில் செய்கிறது. நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. பகலில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு உள்ளூர் ரயில். மேற்கே போனால் கால் மணிக்குள் மொனாக்கோ, முக்கால் மணிக்குள் நீஸ். கிழக்கே போனால் கால் மணிக்குள் இத்தாலியின் வென்டிமிலியா. பிள்ளைகளை மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பினோம். காலையில் கூட வர மனமில்லை என்று சொன்ன அம்மா, பத்து மணிக்கு மனம் மாறி அடுத்த ரயிலில் தனியாகவே வந்து சேர்ந்த நாளும் உண்டு. நீண்ட விடுமுறையில் இந்தச் சுதந்திரம்தான் பெரிது. எல்லோரும் ஒரே காரில் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால் யாராவது ஒருவர் முகம் தூக்கி வைத்துக்கொள்வது நிச்சயம்.

மாந்தோன் கடற்கரை கூழாங்கல் என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. உண்மைதான். வெறுங்காலோடு இறங்க முடியாது, கடலுக்குள் போடும் ரப்பர் செருப்பு ஆளுக்கொரு சோடி கட்டாயம். இதற்கும் ரயில்தான் பதில். நீஸ் போகும் வழியில் வில்ஃபிரான்ஷ் நிலையத்தில் இறங்கினால் தண்டவாளத்துக்குக் கீழேயே கடற்கரை. கொஞ்சம் பருமனான மணல், ஆனால் மணல். வாளியோடு போன சின்னவனுக்கு அது போதுமாக இருந்தது. ஜெல்லிமீன் சில நாட்களில் வரும். அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காலை வேலை நேரத்திலும் மாலையிலும் ரயிலில் ஏறாதீர்கள். மொனாக்கோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளில் வென்டிமிலியா கடலோரத்தில் பெரிய சந்தை கூடும், போகாமல் இருக்க முடியாது. ஆனால் 2015 முதல் பிரான்ஸ் இந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. திரும்பும்போது மாந்தோன் கராவான் நிலையத்தில் ரயில் நிற்கும், போலீஸ் ஏறும். பெட்டியில் எத்தனையோ பேர் இருக்க, எங்களைப் போன்ற நிறக்காரரிடம்தான் முதலில் வந்தார்கள். கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கால் மணி நேரப் பயணம்தானே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளுடையதையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருந்து விஷயத்திலும் மாந்தோன் சுலபம். அம்மாவின் நீரிழிவு மாத்திரைக்குப் பாரிஸில் கொடுக்கும் அதே சுகாதார அட்டை, அதே மருந்துச் சீட்டு. கிரீட்டுக்குப் போவதென்றால் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டைக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள், அது இலவசம்தான்.

ஹனியாவைப் பற்றி நான் சொல்வதில் ஒரு குறை உண்டு. நாங்கள் முன்பு அங்கே போனது செப்டம்பரில், அதுவும் குறுகிய பயணம். ஜூலை ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று வெக்கையைத் தணிக்கும், ஆனால் வடகரையில் அலையைக் கிளப்பும் என்று எங்களுக்கு வீடு கொடுத்தவர்கள் சொன்னார்கள். காற்றே இல்லாமல் இரவில் வியர்த்துக்கொட்டிய மாந்தோனில் அதை நினைத்துக்கொண்டேன். அந்த வகையில் ஹனியா நல்லதாக இருக்கக்கூடும். கார் ஓட்டப் பிரியமுள்ள இருவர், முதியவர் கூட இல்லை, சமாரியா பள்ளத்தாக்கின் 16 கிலோமீட்டரையும் நடக்கும் கால்பலம் இருக்கிறது என்றால் கிரீட்டுக்கே போங்கள்.

மாந்தோன் என்று முடிவெடுத்தால் வீடு பார்க்கும்போது பழைய ஊரின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சேன் மிஷேல் தேவாலயத்தைச் சுற்றியுள்ள பகுதி முழுக்கப் படிக்கட்டு. தண்ணீர்ப் போத்தலும் அரிசிப்பையும் தூக்கிக்கொண்டு தினமும் ஏற வேண்டும், அங்கே பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. கூரை போட்ட சந்தைக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் சமதளத் தெருக்களில் தேடுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, ஏசி எந்த அறையில் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாரக்கணக்கில்தான் கொடுப்பார்கள். நான்கு வாரம் சேர்த்து எடுப்பதாகச் சொன்னால் விலை பேச இடமிருக்கிறது. மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைகளிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், ரயிலில் யாரும் எடை பார்ப்பதில்லை.