நூலக மேசையில் பார்கோடும் ஸ்மார்ட் கார்டும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

எங்கள் நூலகத்தில் புத்தகங்களுக்குப் பார்கோடு, உறுப்பினர்களுக்குச் சிப் பதித்த ஸ்மார்ட் கார்டு. இரண்டையும் பல ஆண்டுகளாக ஒரே மேசையில் புழங்கிவருகிறேன். எது மேல் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பார்கோடு கெட்டால் கண்ணுக்குத் தெரியும், கார்டு கெட்டால் தெரியாது. விலை, வேகம் எல்லாம் அப்புறம்தான்.

இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கடையில் பொருள்களுக்கு இன்றும் ஒட்டப்படும் பார்கோடு 1974 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பிரான்ஸில் ரோலாண்ட் மொரேனோ சிப் கார்டுக்குக் காப்புரிமை கோரினார்.

பார்கோட்டில் புத்தகத்தின் பெயரோ ஆசிரியரோ கிடையாது, வெறும் எண்தான். மற்றதெல்லாம் கணினியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. சர்வர் படுத்துவிட்டால் ஸ்கேனர் ‘பீப்’ என்று சத்தம் போடும், திரையில் ஒன்றும் வராது. பின்னட்டையில் பதிப்பாளர் அச்சிட்டிருக்கும் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் அந்தப் பதிப்பைத்தான் குறிக்கும், பிரதியை அல்ல. ஒரே புத்தகத்தில் நான்கு பிரதி இருந்தால் நான்குக்கும் அதே எண். அதனால்தான் ஒவ்வொரு பிரதிக்கும் நாங்கள் தனி லேபிள் ஒட்டுகிறோம்.

அந்த 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இலக்கங்களை இடமிருந்து மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் விடை 10இன் மடங்காக வர வேண்டும். ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டாலும் கணக்கு உதைக்கும், ஸ்கேனர் வாய் திறக்காது. தப்பான புத்தகம் திரையில் வருவது அபூர்வம் என்பதற்குக் காரணம் இதுதான்.

பார்கோட்டில் உண்மையான தலைவலி லேபிள். டைரக்ட் தெர்மல் தாளில் (மையில்லாமல் சூட்டிலேயே கருக்கும் தாள்) அச்சிட்டவை, ஜன்னலோர அலமாரியில் வெளிறிப்போகின்றன. மை ரிப்பன் வைத்து அச்சிட்டவை அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் கூடச் செலவானாலும் ரிப்பன்தான் என் தேர்வு. கோடுகளுக்குக் குறுக்கே கீறல் விழுந்தால் கவலை இல்லை, சற்று மேலேயோ கீழேயோ படித்துக்கொள்ளலாம். கோட்டின் திசையிலேயே மேலிருந்து கீழ்வரை கீறினால் ஒரு கோடே காணாமல் போகும், கதை முடிந்தது. இரு ஓரங்களிலும் உள்ள வெற்றிடத்தை அழகுக்காக வெட்டவும் கூடாது, குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்கேனர் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. சிவப்பு மையில் அச்சிடுவதும் வீண். லேசரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

கியூஆர் கோடு வேண்டுமென்றால் கேமரா வகை ஸ்கேனர் வாங்குங்கள். லேசர் வகை அதைப் படிக்காது, செல்போன் திரையில் காட்டும் பார்கோட்டிலும் பெரும்பாலும் திணறும்.

சரி, கார்டுக்கு வருவோம். எங்களுடையது தொடாமல் படிக்கும் வகை. உள்ளே பேட்டரி இல்லை. ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருள், கார்டைப் படிக்கும் கருவியான ரீடர் பரப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துச் சிப்பை எழுப்புகிறது. அடையாள அட்டைக் கயிறு மாட்ட யாராவது கார்டில் ஓட்டை போட்டு, அது அந்தச் சுருளை அறுத்துவிட்டால் கார்டு செத்தது. பார்த்தால் புத்தம்புதிதாகவே இருக்கும். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து வளைத்த கார்டுகளும் இப்படித்தான் போகின்றன. ரீடரை இரும்பு மேசையில் நேரடியாக வைத்தால் எட்டும் தூரம் சட்டென்று குறையும். அடியில் கனமான பிளாஸ்டிக் பலகை வைத்த பிறகுதான் எங்களுடையது ஒழுங்காக வேலை செய்கிறது.

பார்கோட்டை நகலெடுத்தால் நகலும் அசல் போலவே படிக்கும். நல்ல ஸ்மார்ட் கார்டு அப்படி இல்லை. ரீடர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். கார்டு தன்னுள் இருக்கும் ரகசியச் சாவியால் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பித் தரும், சாவி வெளியே வருவதே இல்லை. ஆனால் பல இடங்களில் கார்டின் வரிசை எண்ணை மட்டும் படித்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வேறு கார்டில் ஏற்றவும் முடியும். அப்படிப் பயன்படுத்தினால் அது விலை கூடிய பார்கோடு, அவ்வளவுதான். பரவலாக உள்ள மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் மறையாக்கம் (ரகசியக் குறியீட்டு முறை) 2008லேயே உடைக்கப்பட்டுவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்க முறை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் கார்டுகளின் பின்புறம் உறுப்பினர் எண்ணைப் பார்கோடாகவும் அச்சிட்டிருக்கிறோம். சிப் போனாலும் அன்றைக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகலாம். கணினி அறையின் கதவுக்கு மட்டும் அது செல்லாது, புதுக் கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.