திறந்த பாடப்பொருள் தளங்களுக்கு வருஷக்கணக்கா எழுதி வரைஞ்சு குடுத்த அனுபவம்: ஒரு வரி பதிலாவது போடுங்க

அறிவியல் டீச்சரா இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்டிருந்தா, கிளாஸுக்குன்னு வரைஞ்ச படம், ஒர்க்‌ஷீட் எல்லாம் லேப்டாப்ல சும்மா கெடக்குது, யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்துற மாதிரி பொதுவுல போடலாம்னு இருக்கேன், எந்தத் தளம் நல்லதுன்னு. ரெண்டு வரில சொல்லிடலாம்னு தான் ஆரம்பிச்சேன், டைப் பண்ணப் பண்ண கோவம் தான் வந்துச்சு, அதனால முழுசாவே இங்க எழுதிடுறேன்.

லைசென்ஸ், அக்கவுண்ட் ஓபன் பண்றது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்னு மட்டும் சொல்லிடுறேன். "வணிகப் பயன்பாடு கூடாது"ங்கிற வகை லைசென்ஸ் போட்டா விக்கிமீடியா காமன்ஸ்ல, அதாவது விக்கிப்பீடியா மாதிரி தளங்களுக்குப் படங்களைச் சேத்து வைக்கிற இடத்துல, எடுத்துக்க மாட்டாங்க, "மாத்தக் கூடாது"ன்னு போட்டாலும் அதே கதை தான். அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி பல்கலைக்கழகம் இலவசமா இணையத்துல போடுற ஓபன்கோர்ஸ்வேர் பாடங்கள் வணிகப் பயன்பாடு கூடாதுங்கிற லைசென்ஸ்ல இருக்கு, அதுல இருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து விக்கிப்பீடியாவுல ஒட்ட முடியாது. ரெண்டுமே இலவசம் தானே, எல்லாம் ஒன்னு தானேன்னு நெனச்சு எத்தனையோ பேர் மாட்டிக்கிறாங்க. போடுறதுக்கு முன்னாடியே யோசிச்சு ஒரு லைசென்ஸ் முடிவு பண்ணிக்கோங்க.

இப்ப என் பிரச்சனைக்கு வரேன். ஒரு பாடத் தொகுப்புத் தளம், பேர் வேண்டாம். பின்னக் கணக்குக்கு ஒரு பயிற்சித் தொகுப்பு அனுப்பினேன். எல்லாரும் வட்டத்தைத் துண்டு போட்டுத் தான் பின்னம் சொல்லிக் குடுக்குறாங்க, முக்கால் வரைக்கும் சரியா போகும், 5/4ன்னு வந்ததும் ஒரு வட்டத்துல எப்படி அஞ்சு கால்னு பசங்க முழிப்பாங்க. அதனால ஆரம்பத்துல இருந்தே எண்கோட்டுல வச்சு, பூஜ்யத்துல இருந்து கால் காலா நகர்ந்து ஒன்னைத் தாண்டிப் போற மாதிரி ஒவ்வொரு கணக்கா அமைச்சிருந்தேன். பிடிஎஃப் மட்டும் போட்டா யாராலயும் திருத்த முடியாதேன்னு எடிட் பண்ற ஃபைலையும் சேர்த்தே ஏத்தினேன். "பரிசீலனையில்"னு மஞ்சள் கலர்ல ஒரு பட்டை வந்துச்சு. அது அப்படியே மாசக்கணக்கா நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் அது செவப்பா மாறி "தர அளவுகோலுக்குப் பொருந்தவில்லை"ன்னு காட்டுச்சு. எந்த அளவுகோல், எந்தப் பக்கம், கணக்கு தப்பா, படம் புரியலையா, ஃபார்மேட் சரியில்லையா, எதுவும் இல்ல. மெயில் போட்டுக் கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல. கதவைத் தட்டிட்டு வெளியவே நிக்க வெச்ச மாதிரி இருந்துச்சு.

அவங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். பரிசீலனை பண்றவங்களும் சம்பளம் இல்லாம வேலை பாக்குற தன்னார்வலர்கள் தான். வர்றதுல நெறைய, காப்பிரைட் இருக்குற புத்தகத்துல இருந்து ஸ்கேன் பண்ணிப் போட்டதா இருக்கும், அதையெல்லாம் ஒவ்வொன்னா பிரிச்சு எடுக்கணும், ஒன்னு தப்பினாலும் தளத்துக்கே சிக்கல். இது எல்லாம் புரியுது. ஆனா நிராகரிக்கிற பட்டனை அமுக்குற அதே இடத்துல காரணம் எழுத ஒரு பெட்டி வெச்சு, அதை நிரப்பாம அனுப்ப முடியாதுன்னு பண்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகிடப் போகுது? இந்த மாதிரி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிற பாடப்பொருளுக்கு 2002ல யுனெஸ்கோ கூட்டத்துல திறந்த கல்வி வளம்னு பேரை வச்சாங்க, 2019ல நாடுகளுக்கெல்லாம் பரிந்துரையே குடுத்தாங்க, இவ்ளோ வருஷம் கழிச்சும் குடுக்குறவனுக்கு ஒரு வரி பதில் எழுதுறது பழக்கமாகலைன்னா வருத்தமா தான் இருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஒரு அனுபவம் காமன்ஸ்ல கெடச்சுது. இலையோட குறுக்குவெட்டுப் படம் ஒன்னு எஸ்விஜிங்கிற, தொறந்து திருத்தக்கூடிய பட ஃபைலா வரைஞ்சு போட்டேன். பேர்களை எல்லாம் கோடா மாத்தாம எழுத்தாவே விட்டிருந்தேன், அப்ப தான் மத்த மொழிக்காரங்க அதைத் தொறந்து அவங்க மொழில மாத்திக்க முடியும். அங்க ஒவ்வொரு ஃபைலுக்கும் கீழ அது எந்தெந்த விக்கிப் பக்கங்கள்ல பயன்படுதுன்னு பட்டியல் வரும். ஒரு நாள் போய்ப் பாத்தா எனக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத ஒரு மொழில என் படம் இருக்கு. அதை விட நல்லது, அந்தப் படத்தைப் பத்திக் கருத்து எழுதுற பேச்சுப் பக்கத்துல யாரோ எழுதியிருந்தாங்க, கறுப்பு வெள்ளைல ஜெராக்ஸ் எடுத்தா மேல இருக்குற வேலித் திசுவும் கீழ இருக்குற பஞ்சுத் திசுவும் ஒரே சாம்பலா தெரியுது, அதனால கலருக்குப் பதிலா ஒன்னுக்குக் கோடும் ஒன்னுக்குப் புள்ளியும் போட்டு ஒரு வடிவம் பண்ணியிருக்கேன், இதோ லிங்க்னு. முகம் தெரியாத ஒரு டீச்சர் அதைக் கிளாஸ்ல குடுத்துப் பாத்துட்டு வந்து சொல்றாங்க! அன்னைக்கு ராத்திரியே உக்காந்து வேர், தண்டு ரெண்டுக்கும் படம் வரைய ஆரம்பிச்சுட்டேன்.

தன்னார்வலர்களை எப்படி இழுக்கிறதுன்னு பேசுறவங்க பேட்ஜ், சர்டிஃபிகேட், போட்டி, பரிசுன்னு போறாங்க. போட்டி முடிஞ்சதும் வந்தவங்க போயிடுறாங்க. நான் பாத்த வரைக்கும் ஒருத்தர் ரெண்டாவது தடவை வர்றது முதல் தடவை யாராவது ஒரு மனுஷர் பதில் சொன்னா தான். ஆங்கில விக்கிப்பீடியாவுல 2007ல உச்சத்துக்குப் போன எடிட்டர் எண்ணிக்கை அப்புறம் எறங்க ஆரம்பிச்சுது, நல்ல எண்ணத்தோட வந்த புதுசுங்களோட எடிட்டையும் ரிவர்ட் பண்ணி, அதாவது பழையபடியே மாத்தித் தள்ளினது அதுக்கு முக்கியக் காரணம்னு 2013ல வந்த ஒரு ஆய்வு சொல்லுச்சு. இப்ப அவங்களே புதுசா வர்றவங்களுக்குச் சின்னச் சின்ன எடிட்டா எடுத்துக் குடுத்து, கேள்வி கேக்க ஒரு வழிகாட்டியையும் காட்டுறாங்க. இலவசப் பாடப்புத்தகம் போடுற ஓபன்ஸ்டாக்ஸோட புத்தகங்கள்ல தப்பு கண்டுபிடிச்சு அனுப்பினா என்ன முடிவு எடுத்தாங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி பட்டியல்ல வரும், ஏத்துக்கலைன்னாலும் தெரிஞ்சிடும். ஒரு எழுத்துப் பிழையைச் சரி பண்ண வந்தவர் தான் பின்னாடி ஒரு பாடமே எழுதுவார், அவரை முதல் நாளே முழுப் பாடம் எழுதுன்னு உக்கார வெச்சா ஓடிடுவார்.

ஆக என் தீர்ப்பு. படிக்க, எடுக்க, கிளாஸ்ல பயன்படுத்த அந்தப் பேர் சொல்லாத தளம் தான் இன்னும் எனக்குப் பிடிச்சது, தேடல் அருமை, வகுப்பு வாரியா பிரிச்சிருக்குறது மாதிரி வேற எங்கயும் இல்ல, நானே வாரா வாரம் அங்க போறேன். ஆனா குடுக்குறதுக்கு அங்க போகாதீங்க, இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். படமா இருந்தா காமன்ஸ், பாடமா இருந்தா எல்லாரும் சேர்ந்து பாடநூல் எழுதுற விக்கிநூல்கள். பின்னத் தொகுப்பையும் நான் விக்கிநூல்களுக்கு மாத்திட்டு இருக்கேன். அந்தச் செவப்புப் பட்டைக்குக் கீழ எந்தப் பக்கத்துல என்ன சரியில்லைன்னு ஒரே ஒரு வரி யாராவது எழுதினாங்கன்னா, அன்னைக்கே திருத்தி அங்கயும் ஏத்துவேன்.